‘பேப்பர்ஸ் எல்லாம் கிளியர்’ என்று இனிமேல் யாரும் சொல்லாதீர்கள்

பெங்களூரில் வீடு விற்கப்போகிறவர் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பேப்பர்ஸ் எல்லாம் கிளியர்.” எதை வைத்து? பீரோவில் ஒரு கவர் இருக்கிறது, அதில் கிரயப் பத்திரமும் வரி ரசீதும் இருக்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து, சொத்தின் அளவும் எல்லையும் எழுதிய கடைசி ஷெட்யூல் வரை கடைசியாக எப்போது படித்தீர்கள்? பதிவு செய்த அன்றைக்காவது படித்தீர்களா?

நீங்கள் படிக்காததை வாங்குபவரின் வங்கி வக்கீல் வரி வரியாகப் படிப்பார். அவர் படித்து முடிக்கும்போது நீங்கள் அட்வான்ஸ் வாங்கியிருப்பீர்கள். 90 நாள் அக்ரிமென்ட் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அட்வான்ஸை வேறு வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ கொடுத்தும் இருப்பீர்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். பெயின்ட் அடிக்க ஒன்றரை லட்சம் செலவு செய்பவர்கள், மாநகராட்சிச் சொத்துவரிப் பதிவேடான காத்தாவின் கணினி வடிவம், அந்த 125 ரூபாய் கட்டணமுள்ள இ-காத்தாவுக்கு முன்கூட்டியே உட்காருவதில்லை!

முதலில் பெயர். தமிழர்களான நம்மைப் போல இதில் அடிபடுகிறவர்கள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் கே.ஆர்.புரத்திலும் இருக்கிற பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பத்திரத்தில் ‘கே. பழனி’. ஆதாரில் ‘பழனி குப்புசாமி’. பான் கார்டில் இனிஷியலை விரிக்கச் சொன்னதால் ‘குப்புசாமி பழனி’. காத்தாவில் கன்னடத்தில் ‘பளனி’, ஏனென்றால் அவர்கள் எழுத்தில் நம் ‘ழ’ கிடையாது. அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் அலுவலகம் எல் போட்டது, இன்னொன்று இசட்-எச் போட்டது. அப்பா பெயரை இனிஷியலாக வைக்கிற பழக்கம் நம்முடையது. அதைக் குடும்பப் பெயராக மாற்றி எழுதியது அவர்கள். இத்தனை பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிக்கிற பாரத்தை மட்டும் நம் தலையில் கட்டுகிறார்கள். இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது?

ஆத்திரம் ஒருபக்கம் இருக்கட்டும், திருத்துகிற வரிசை முக்கியம். ஆதாரையும் பானையும் முதலில் ஒரே எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் இணையாமல் பான் செயலிழந்திருந்தால், 50 லட்சமும் அதற்கு மேலும் போகிற வீட்டுக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய 1 சதவீத வரி 20 சதவீதமாகிவிடும். 80 லட்சம் வீட்டுக்கு 80 ஆயிரம் போக வேண்டிய இடத்தில் 16 லட்சம். அடுத்து காத்தா. பத்திரத்தைத் தொடாதீர்கள், அதில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் போட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். இ-காத்தா விண்ணப்பத்தில் ஆதார் பெயருக்கும் காத்தா பெயருக்கும் தூரம் அதிகமானால் கணினி தானாக விடாது, உதவி வருவாய் அலுவலர் மேசைக்குப் போகும். அங்கே இந்த அஃபிடவிட் இல்லாமல் நின்றால் நாளும் பொழுதும் போகும்.

இறந்தவர் பெயரில் வீடு இருந்தால் இன்னும் கொடுமை. ஆஸ்பத்திரியில் அந்த நேரத்துப் பதற்றத்தில் யாரோ சொன்ன பெயர்தான் இறப்புச் சான்றிதழில் ஏறியிருக்கும். ‘தமிழ்ச்செல்வி’ அங்கே வெறும் ‘செல்வி’யாக இருக்கும். அதைத் திருத்தாமல் வாரிசுரிமையில் காத்தா மாற்றம் நகராது. சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

இப்போது காத்தா. காத்தா உரிமைப் பத்திரம் இல்லை, வரிப் பதிவேடு மட்டுமே. எத்தனை தடவை சொல்வது? “ஏ காத்தா இருக்கு, அப்புறம் என்ன” என்று, அதாவது முறைப்படியான சொத்துக்குரிய காத்தா இருக்கிறது என்று, புரோக்கர் சொன்னால், அவருக்கு அவர் தொழிலே தெரியவில்லை என்று அர்த்தம். ஆனால் 2024 அக்டோபருக்குப் பிறகு மாநகராட்சி எல்லைக்குள் இ-காத்தா இல்லாமல் கிரயப் பதிவே நடக்காது, ஆகவே அது இல்லாமல் விளம்பரம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. தேவைப்படுவது இவ்வளவுதான்: உரிமையாளர்கள் அத்தனை பேரின் ஆதார், வரி ரசீதில் உள்ள விண்ணப்ப எண், பத்திரப் பதிவு எண், மின்சாரக் கம்பெனியான பெஸ்காமின் கணக்கு எண், வீட்டின் முன்பக்கப் போட்டோ, வில்லங்கச் சான்று. அந்த ஈ.சி.யைப் பத்திரம் பதிவான தேதிக்கு ஒருநாள் முன்பிருந்து எடுங்கள். உங்கள் கிரயமே அதில் தெரிய வேண்டும். மறுநாளிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, “ஏன் திருப்பி அனுப்பினார்கள்” என்று கேட்கிறவர்கள் ஏராளம்.

எண்களின் குழப்பம் தனிக் கதை. 2007-இல் ஏழு நகரசபைகளையும் ஒரு புரசபையையும் 110 கிராமங்களையும் சேர்த்துத்தான் பி.பி.எம்.பி. என்ற பெங்களூர் பெருமாநகராட்சி வந்தது. 2025 செப்டம்பரில் அதையும் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். கே.ஆர்.புரம், மகாதேவபுரம், பொம்மனஹள்ளி பக்கத்து வீடு ஒன்றுக்குப் பத்திரத்தில் சர்வே எண்ணும் சைட் எண்ணும் இருக்கும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரத்தில் கனேசுமாரி எண் என்கிற பழைய கிராம வீட்டு எண், நகரசபைக் காத்தாவில் ஒரு எண், இன்றைய காத்தாவில் வேறு எண். ஈ.சி. தேடுவது நீங்கள் கொடுக்கிற விவரத்தை வைத்துத்தான். இன்றைய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய பதிவுகள் வராது, ‘பதிவு எதுவும் இல்லை’ என்று படிவம் 16 வந்துவிடும். அதைப் பார்த்து வில்லங்கமே இல்லை என்று சந்தோஷப்படுகிறார்கள்! சொந்தப் பத்திரமே ஏறாத ஈ.சி. எப்படிச் சரியான ஈ.சி. ஆகும்? பழைய எண், புது எண் இரண்டையும் கொடுத்துத் தனித்தனியாக எடுங்கள், பதிவுகள் வரிசையாக வருகிற படிவம் 15 கையில் வர வேண்டும். 2004-க்கு முந்தைய காலத்துக்குப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தை மட்டும் நம்பாதீர்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கையால் எழுதிய புத்தகத்தில் தேடி வாங்க வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வங்கி வக்கீல் 30 வருடம் கேட்பார்.

ஷெட்யூலில் நான்கு எல்லைகளையும், கன்னடத்தில் செக்குபந்தி என்பதை, தெருவில் நின்றுகொண்டு படியுங்கள். கிழக்கில் ரோடு என்று எழுதி, நிஜத்தில் ரோடு மேற்கில் இருக்கும். 30-க்கு 40 என்று எழுதி, டேப் பிடித்தால் 28 அடிதான் வரும். எழுத்துப் பிழை என்றால் திருத்தப் பத்திரம் போட வேண்டும், அதற்கு உங்களுக்கு விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்திருந்தால் அவர் வாரிசுகள் அத்தனை பேரும். பதிவு நாளன்று ஐந்து நிமிடம் படித்திருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது.

கடன் அடைத்தவர்களுக்கு ஒன்று. வங்கி கொடுக்கிற ‘பாக்கி இல்லை’ கடிதத்தை வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடன் வாங்கும்போது பத்திரங்களை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கு எம்.ஓ.டி.டி. என்று ஒன்றைப் பதிவு செய்தீர்களே, அது ஈ.சி.யில் அப்படியே நிற்கும். வங்கி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, விடுவிப்புப் பத்திரத்தையும் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அந்த அடமானம் தீர்ந்ததாக ஏறும். பத்து வருடம் முன்பு அடைத்த கடன் இன்றும் ஈ.சி.யில் உயிரோடு இருக்கிற வீடுகள் இந்த ஊரில் கொஞ்சநஞ்சமில்லை. மூலப் பத்திரங்களை வங்கி இழுத்தடித்தால் கெஞ்சாதீர்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவு. அந்த டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது. பத்திரத்தை வங்கியே தொலைத்திருந்தால் சான்றிட்ட நகல் எடுக்கிற செலவும் வங்கியுடையதுதான். கிளை மேலாளரிடம் வாயால் கேட்காமல், உத்தரவைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

ரெவின்யூ சைட்டை, அதாவது முறையான லேஅவுட் அங்கீகாரம் இல்லாத மனையை, வெறும் பவர் பத்திரத்தில் வாங்கி வீடு கட்டியவர்கள், அதே பவரைக் காட்டி விற்கலாம் என்று இன்னும் நம்புகிறார்கள். பதிவான கிரயப் பத்திரம் இல்லாமல் வெறும் பவரை வைத்து நடக்கிற விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. முதலில் உங்கள் பெயருக்கு ஒழுங்கான கிரயம், பிறகுதான் விற்பனை.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் பாட்டிக்கும் சரிபங்கு. “தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாச்சு” என்று வாரிசுகளைப் பட்டியலிடுகிற வம்சவிருட்சத்தில் அவள் பெயரை விடுகிற அண்ணன்களைப் பார்த்தால் கோபம் தலைக்கேறுகிறது. அது கூடப்பிறந்தவளுக்குச் செய்கிற துரோகம், வாங்குகிறவனுக்கும் துரோகம். திருப்பத்தூரில் வாழ்க்கைப்பட்டவள் நாளைக்குப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். அவளைக் கூட்டி வந்து கிரயத்தில் கையெழுத்துப் போட வையுங்கள், பங்கைக் கொடுங்கள். இல்லை, அவளே மனமொப்பி விட்டுக்கொடுக்கிறாள் என்றால் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கிற அண்ணனிடமிருந்து வரும் பவருக்குத் தூதரகச் சான்றோ, அந்த நாட்டு அரசு தருகிற அப்போஸ்டில் சான்றோ வேண்டும், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். கவரோடு எடுத்து வைத்துவிட்டு நாலாம் மாதம் நீட்டினால் தீர்வையோடு அபராதமும் கட்டாமல் எடுபடாது. வாரிசில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும், அதற்கெல்லாம் 90 நாள் போதவே போதாது.

விற்ற லாபத்துக்கான வரிக் கணக்குக்கும் காகிதம் தேவை. 2001-க்கு முன் வாங்கிய வீடு என்றால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டி எடுக்க முடியாது. மேல்மாடி கட்டிய பில்லையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு ஆடிட்டரிடம் போய் நிற்காதீர்கள். அந்த மேல்மாடியை 2008-இலிருந்து நீங்களே எழுதிக் கட்டுகிற சொத்துவரியில் காட்டினீர்களா என்றும் பாருங்கள். வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளர் மாடியை அளப்பார், அங்கீகார வரைபடத்தில் இல்லாத மாடிக்குக் கடன் கிடைக்காது.

இத்தனையும் கையில் வருகிற வரை போர்டும் மாட்டாதீர்கள், டோக்கனும் வாங்காதீர்கள். “இன்னைக்கே ரெண்டு லட்சம் கேஷ் தரேன் சார், வேற யாருக்கும் காட்டாதீங்க” என்று வருகிற புரோக்கரை வாசலோடு அனுப்புங்கள். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுதும் உங்கள் பேரில் அபராதமாக வரலாம். புரோக்கர் பேரில் இல்லை.