சபையைப் பாட விடுங்கள்

போன ஞாயிறு சர்ச் ஆராதனையிலும் அதே கதைதான். முதல் பாட்டு தொடங்கியதுமே டிரம்ஸ் சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கிறது. மேடையில் ஏழு பேர், ஏழு மைக். கீழே நிற்கும் நாங்கள் பாடுகிறோமா, சும்மா நிற்கிறோமா என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா. பார்வை மங்கிவிட்டது, திரையில் ஓடும் வரிகளை அவரால் படிக்க முடியாது. படிக்கவும் வேண்டாம், எங்கள் பழைய பாட்டுப்புத்தகமான பாமாலையில் பாதி அவருக்கு மனப்பாடம். பழைய பாட்டு ஒன்று ஆரம்பித்ததும் முகம் மலர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். இரண்டாவது அடியிலேயே ராகம் மாறிவிட்டது. மூன்றாம் சரணத்தையும் நான்காம் சரணத்தையும் காணோம். அந்த இடத்தில் யாரோ புதிதாகச் சேர்த்த நாலு வரி, எட்டுத் தடவை. அவர் பாடுவதை நிறுத்திவிட்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

புதுப் பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1524-ல் வெளிவந்த லுத்தரன் சபையின் முதல் பாட்டுப்புத்தகத்தில் இருந்தவை எட்டே பாடல்கள். அன்றைக்கு அவையும் புதுசுதான். ஆனால் ஜனங்கள் தங்கள் சொந்த மொழியில், தங்கள் வாயாலேயே பாட வேண்டும் என்பதற்காக வந்தவை. இப்போது சுருதியே மேடையில் பாடுகிறவரின் தொண்டைக்குத் தக்கபடி வைக்கப்படுகிறது. பழைய மெட்டுகள் பெரும்பாலும் ஒரு ஸ்தாயியைத் தாண்டி ஒன்றிரண்டு சுரத்துக்கு மேல் போகாது. அதனால்தான் குழந்தையும் தாத்தாவும் ஒரே வரிசையில் நின்று பாட முடிந்தது.

அப்புறம், துக்கத்துக்கு இடம் எங்கே? 1873-ல் கப்பல் மூழ்கி நான்கு மகள்களைப் பறிகொடுத்த அமெரிக்க வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபர்ட், அந்த வேதனையிலிருந்தே ஒரு பாட்டு எழுதினார். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 பாடல்களில் எத்தனை புலம்பல்கள்! பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த தகப்பன் மறு ஞாயிறு ஆலயத்தில் நிற்கிறார். அவரிடம் போய் "இன்னும் சத்தமா, கைதட்டுங்க" என்று மைக்கில் விரட்டினால் அவர் என்ன செய்வார்?

ஆராதனை நடத்தும் தம்பி தங்கைகளே, உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. வருகிற ஞாயிறு ஒரே ஒரு பாட்டுக்காவது டிரம்ஸையும் மைக்குகளையும் நிறுத்துங்கள். நான்கு சரணத்தையும் பழைய ராகத்தில் எங்களிடம் விடுங்கள். அந்த அம்மா பாடி முடிப்பதை நான் கேட்க வேண்டும்.