மாட்டுக்காரனைத் திட்டுவதற்கு முன்னால்

நீலகிரியில் எமரால்டு பக்கம், புலி அடித்த தன் மாட்டின் உடம்பில் ஒருவர் விஷம் வைக்க, அதைத் தின்று செத்துக் கிடந்த இரண்டு புலிகளின் படத்துக்குக் கீழே வந்த கமென்ட்டுகளைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. "மாடு வளர்க்கிறவனை எல்லாம் காட்டோரத்தை விட்டே துரத்தணும், நன்றி கெட்ட ஜென்மங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு லைக் போட்டவர்களில் என் நெருங்கிய நண்பர்களும் உண்டு.

விஷம் வைத்தது குற்றம். கைது செய்தது சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: புலி அடித்த மாட்டுக்கு அரசு தரும் நஷ்டஈட்டுப் பணம், மாடு செத்த வாரமே கைக்கு வந்தால் விஷ பாட்டிலைத் தேடுகிறவர்கள் குறைவார்கள்.

எங்கள் வீடு கூடலூர் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் செவலைப் பசுவைப் புலி அடித்தது. வேளைக்கு நாலு லிட்டர் கறந்த மாடு. அந்தப் பால் காசுதான் என் ஹாஸ்டல் பீஸ். அம்மா தேடிப் போனபோது ஓடைக்கு மேலே பின்தொடைப் பக்கம் தின்ற நிலையில் கிடந்திருக்கிறது. அப்பா மனு எழுதினார். டாக்டர் சான்றிதழ், போட்டோ, கையெழுத்துகள், நகல்கள். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். போகும்போதெல்லாம் "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். பணம் வரப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் அம்மாவின் தோடு அடகுக்குப் போய்விட்டது.

மாடு செத்த மறுநாள் தெரிந்தவர் ஒருவர் அப்பாவிடம் வந்து, "மிச்சத்துல கொஞ்சம் மருந்து அடிச்சு விட்டா போதும்ணே" என்றார். புலி பெரிய இரையை ஒரே வேளையில் தின்று முடிக்காது, திரும்ப வரும். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும். அப்பா முடியாது என்று அனுப்பிவிட்டார். ஒரு அப்பா மறுத்தார் என்பதை நம்பியே காட்டைக் காப்பாற்ற முடியுமா? விஷம் வைத்த உடம்பைத் தின்ன புலி மட்டும் வருவதில்லை. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சம் இருக்கிற பாறுக் கழுகுகளும் வரும்.

"கொலைக்கு நியாயம் சொல்கிறாயா?" என்பீர்கள். இல்லை. மேலே எழுதிவிட்டேன், இன்னொரு தடவை படியுங்கள்.

"மாட்டை ஏன் காட்டுக்குள் விட்டாய்?" இதுதான் என்னை அதிகம் குத்தியது. எங்கள் மாடு செத்தது எங்கள் நிலத்தில். சரி, காட்டுக்குள் மேய விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்புதான். ஆனால் காட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? முதுமலையில் உண்ணிச்செடி புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. அது மூடிய இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மான் நிற்காது. ஒரு புலிக்கு வருஷத்துக்கு ஐம்பது மான் அளவுக்கு இரை வேண்டும். அது எங்கே போகும்?

பணத்தை உடனே கொடுத்தால் பொய்க் கணக்கு எழுதுவார்களாம். எழுதட்டும், பிடியுங்கள்.

தமிழ்நாட்டில் 2006இல் 76 புலிகள். 2022 கணக்கெடுப்பில் 306 என்று 2023 ஜூலையில் செய்தி வந்தபோது எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தீர்கள். நானும் பகிர்ந்தேன், இன்றும் எனக்கு அது சந்தோஷம்தான். ஆனால் அதில் ஒரு புலி எங்கள் கொல்லையில் நடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மா கொட்டகைக்குத் தனியாகப் போவதில்லை. அந்தப் பயத்தோடும் அவர் இதுவரை ஒரு புலியைக்கூடச் சபித்து நான் கேட்டதில்லை. லீவு நாளில் மசினகுடி ரோட்டில் காரை நிறுத்தி, மானுக்கு பிஸ்கட் நீட்டி, ரிசார்ட்டில் பாட்டுப் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் எங்களுக்குக் காட்டுப் பாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். வலிக்கிறது.

அந்த கமென்ட்டைப் போட்டவரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கருத்து அப்படியே இருக்கட்டும். 'நன்றி கெட்ட' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். என் பதிவுகளை அம்மாவும் படிக்கிறார்.