நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நேரலை நடத்திய அந்த அக்குபங்சர் அண்ணன் பெயரை எழுத மாட்டேன், அதுவும் அவருக்கு விளம்பரம்தான். ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நாலு மாசமா டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடறேன் சார், கூடவே அக்குபங்சரும் எடுத்துக்கலாமா?" இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல அந்த மாத்திரையைத் தூக்கிக் குப்பைல போடும்மா. கல்லீரல்ல சக்தி அடைச்சுக் கிடக்கு. நான் ஊசியால திறந்து விடறேன்." திரை முழுக்க இதயங்கள் பறந்தன.

மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

ஊசி குத்திக்கொள்ளுங்கள். கஷாயம் குடியுங்கள். எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, நானே இரண்டையும் செய்தவன்தான். ஆனால் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். இதைப் புரிந்துகொள்ள மருத்துவப் பட்டம் வேண்டாம். ஒரு தடவை திடீரென்று நிறுத்திப் பார்த்திருந்தால் போதும்.

நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வந்தது சோகம் இல்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல ஒரு கனம். வயிறு சரியில்லை. பல் தேய்ப்பது பெரிய வேலையாகத் தெரியும். இதயப் பரிசோதனை, வயிற்றுக்கு ஸ்கேன், எல்லாம் சுத்தம். "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று எட்டு மாதத்தில் நாலு பேர் சொன்னார்கள். ஒன்றுமில்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்வந்தேன்.

ஐந்தாவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலாவது ஆர்வம் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உங்களைப் பற்றியே மட்டமாகத் தோன்றுகிறதா, செத்துப்போனால் தேவலை என்று நினைத்ததுண்டா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். நான் வாங்கியது 19. மார்க்கைப் பார்த்து அழுத ஒரே பரீட்சை அதுதான். அந்தத் தாளோடு அவர் நிறுத்தவில்லை. தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்துபோவார் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பல நாள் இருந்ததுண்டா என்று கேட்டார். அது, சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறா என்று பார்க்கும் கேள்வி. அப்படியானவர்களுக்குச் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் வண்டி எதிர்ப்பக்கம் கவிழ்ந்துவிடலாம். நேரலை அண்ணன் இதில் எதைக் கேட்டார்? அந்தப் பெண்ணின் வயதைக்கூடக் கேட்கவில்லை.

இந்தக் குழப்பத்தில் மொழிக்கும் பங்கு இருக்கிறது. பரீட்சை பயத்துக்கும் மன அழுத்தம் என்கிறோம், படுக்கையை விட்டு எழ முடியாத நோய்க்கும் மன அழுத்தம் என்கிறோம். மனச்சோர்வு என்றால், ரெண்டு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் சீனாவின் ஹுனானில் 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர் வைக்கப்பட்டிருந்த 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று வந்தவர்கள். அவர்களில் 87 பேருக்கு இருந்தது டிப்ரஷன். மனசு என்று சொல்ல வாய் வராதபோது உடம்புதான் பேசும். என் நெஞ்சுக் கனமும் அதுதான்.

இந்த இடத்தில் சீன மருத்துவத்துக்கு ஒரு கும்பிடு போடுவேன். அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'யூ'. அடைப்பு, தேக்கம். நாம் "நெஞ்சை அடைக்குது" என்கிறோமே, அதேதான். 14ஆம் நூற்றாண்டில் ஜூ தான்ஷி என்ற வைத்தியர் தேக்கங்களை ஆறாகப் பிரித்து எழுதினார். அதற்கும் முன்பே, சோங் அரச மரபுக் காலத்து அரசு மருந்தக ஏட்டில் சியாவ்யாவ் சான் என்று ஒரு சூரணம் இருக்கிறது. கவலையில்லாமல் திரிவதற்கான பொடி என்று அர்த்தம். பெயரைக் கேட்டாலே பாதி சரியாகிவிடும் போலிருக்கிறது!

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நான் போன அக்குபங்சர் அம்மா இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அடிக்கடி பெருமூச்சு விடுகிறீர்களா என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. முக்கால் மணி நேரம் பேசவிட்டார். உச்சந்தலையில் ஒன்று, புருவ நடுவில் ஒன்று, மணிக்கட்டில், கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில். மாதக்கணக்கில் வராத தூக்கம் அந்தக் கட்டிலில் வந்தது. கிளம்பும்போது மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டேன். "அது உங்க டாக்டர் விஷயம், நான் கைவைக்க மாட்டேன்" என்றார். அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அவர் ஒரு மாதம் வெளியூர் போனார். நான் வேறொருவரிடம் போனேன். அவர் நேரலை அண்ணனின் சித்தப்பா பிள்ளை மாதிரி. நிறுத்து என்றார். நானும் கேட்டேன், ஏனென்றால் மாத்திரை சாப்பிடுவதில் எனக்கே ஒரு வெட்கம் இருந்தது. மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் வெட்டியது. தரை ஆடியது. காரணமில்லாமல் அழுகை. அவருக்குப் போன் செய்தால், "நல்லது, விஷம் வெளியேறுது" என்றார். விஷம் இல்லை ஐயா. அந்த வகை மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் வருவது அது. நிறுத்த வேண்டுமென்றால் மருத்துவர் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அதுவும் நன்றாக ஆன பிறகு குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்துவிட்டு. அந்தப் பெண் சாப்பிடுவது நாலாவது மாதம்.

சரி, இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும்.

"மருந்துக் கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?" வந்ததும் சொல்கிறேன், பாதி உங்களுக்கு.

"மாத்திரைக்குப் பக்க விளைவு இல்லையா?" இருக்கிறது. குமட்டல், தாம்பத்திய நாட்டம் குறைவது, முதல் வாரங்களில் படபடப்பு. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், தொல்லையோ முதல் நாளே வந்துவிடும். முதல் மருந்தே எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதுமில்லை, எனக்கு இரண்டாவதுதான் ஒத்துக்கொண்டது. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் தொடக்கத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவில் மருந்தோடு எச்சரிக்கையே உண்டு. இதையெல்லாம் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியிடம் சொல்லாதீர்கள்.

"செரோடோனின் கதையே பொய் என்று 2022இல் ஆய்வு வந்துவிட்டதே?" மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் டிப்ரஷன் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று வந்தது. மாத்திரை வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. தலைவலி வந்தது பாராசிட்டமால் குறைவாலா? ஆனாலும் போகிறதே.

"இயற்கை மூலிகை என்ன செய்துவிடும்?" 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்டவர்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது. ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது. மாஹுவாங் என்ற சீன மூலிகையில் எபெட்ரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, சில பழைய டிப்ரஷன் மருந்துகளோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதனால்தான் கஷாயம் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள் என்கிறேன்.

அடுத்து என் பகுத்தறிவு நண்பர்கள். நீங்கள்தான் அதிகம் வலிக்கச் செய்கிறீர்கள். "ஊசி எல்லாம் மனப்பிரமை, நீ படித்தவன்தானே" என்கிறீர்கள். 2013இல் இங்கிலாந்தில் 755 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரும் எடுத்தவர்கள், வழக்கமான சிகிச்சையோடு மனநல ஆலோசனையும் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள். மூன்று மாதத்தில் முதல் இரண்டு கூட்டமும் மூன்றாவதைவிடத் தேறியிருந்தன. அது ஊசியின் வேலையா, ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டதன் வேலையா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. பின்னால் இப்படி 64 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழுவும் ஆதாரத்தின் தரம் போதாது என்றுதான் சொன்னது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், அந்த 755 பேரில் யாருக்கும் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படவில்லை. 'கூட' என்ற ஒரு சொல். அந்தப் பெண் கேட்டதும் அதைத்தானே? "கூடவே எடுத்துக்கலாமா" என்றுதானே கேட்டார்?

பிரமையாகவே இருக்கட்டும். காது கொடுத்துக் கேட்பதும் பிரமை என்றால், எனக்கு அந்தப் பிரமை தேவைப்பட்டது. உயிரைக் காப்பாற்றிய மருத்துவர் எனக்குக் கொடுத்தது ஏழு நிமிடம். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்த ஏழு நிமிடத்துக்கும் முக்கால் மணி நேரத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் இந்த மாதிரி அண்ணன்கள் கடை விரிக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நேரலையில் இதயம் போட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பதினோரு பேர். ஆமாம், எண்ணினேன். அதில் ஒருவன், நான் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குளியலறைத் தரையில் கிடந்தபோது கதவைத் தட்டித் தட்டி என்னை வெளியே கொண்டுவந்தவன். மறுநாள் காலை என் பையில் மருந்துச் சீட்டை வைத்து, டாக்டரிடம் கூட்டிப்போய், திரும்பத் தொடங்கவைத்தவன். நீயுமாடா?

"சும்மா போட்டேன்டா, முழுசாப் பார்க்கல" என்கிறான்.

அந்தப் பெண்ணுக்குத் திங்கட்கிழமை காலையில் தனியாக எழுதினேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தியிருந்தால் இன்றைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள், சாக வேண்டும் போல எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று. முன்பின் தெரியாதவன் எழுதுவதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தேன்.

பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. மூன்று நாளாகிறது, பதில் இல்லை.