ஆர்டர் ஆஃப் தி ஏரோ: பழங்குடி ரகசியச் சங்கமா?

வெள்ளைப் பட்டையில் சிவப்பு அம்பு போட்ட படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது. அமெரிக்கச் சாரணர்களின் கௌரவ அமைப்பான 'ஆர்டர் ஆஃப் தி ஏரோ', அமெரிக்காவின் லெனாப்பே பழங்குடியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் தொடங்கிய ரகசியச் சங்கமாம், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் அதை இயக்கத்தில் சேர்த்தாராம். இரண்டுமே தவறு.

இது தொடங்கியது 1915 ஜூலையில். பிலடெல்பியா சாரணர்கள் கோடை முகாம் போட்ட இடம், டெலவேர் ஆற்றின் நடுவிலுள்ள டிரெஷர் ஐலண்ட் தீவு. முகாமை நடத்திய அர்னர் குட்மேன், கேரல் எட்சன் இருவருக்கும் அப்போது 25 வயதுகூட ஆகவில்லை. நல்ல சாரணர்களைக் கௌரவிக்க ஒரு வழி தேடினார்கள், அவ்வளவுதான். லெனாப்பே பெயர்களும் சடங்குச் சாயலும் அவர்கள் இரவல் வாங்கியவை. குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

சரி, ரகசியம்? யாரைச் சேர்ப்பது என்று வாக்களிப்பவர்கள் அந்தந்தச் சாரணர் குழுவின் இளம் சாரணர்களே. அவர்களில் இந்த அமைப்பின் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் வாக்கு உண்டு. ரகசியச் சங்கம் இப்படியா ஆள் சேர்க்கும்?

அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலும் கையேட்டிலும் இந்த வரலாறு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.