சமூகம்னா சாதியா சித்தி?

கொஞ்சம் நீளமான பதிவு. அரசியல் அறிவியலோ பொருளியலோ தமிழ்வழியில் சொல்லிக்கொடுக்கிறவர்கள், பாடப்புத்தகம் மொழிபெயர்க்கிறவர்கள் யாராவது வாசித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா மகள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் முதலாண்டு படிக்கிறாள், தமிழ்வழி. போன ஞாயிற்றுக்கிழமை முக்கூடல் போயிருந்தேன். திண்ணையில் அக்கா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இவள் நோட்டை விரித்து, உலகமயமாதல் என்பது, இறையாண்மை என்பது, தலா வருமானம் என்பது என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எல்லாம் இரண்டு மதிப்பெண் கேள்விகள். ஒரு பக்கத்துக்கு இருபது சொல், சொல்லுக்கு இரண்டு வரி.

சமூகம் என்ற சொல்லுக்கு வந்ததும் வரையறையை ஒப்பித்துவிட்டு நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள். "சித்தி, முதல் நாள் பஸ்ல ஒருத்தி 'நீ எந்தச் சமூகம்'னு கேட்டா. புஸ்தகத்துல இருக்கது வேற சமூகமா? சமூகம்னா சாதியா சித்தி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எவருக்கும் தெரியும், நம் பேச்சில் சமூகம் என்றால் சாதிதான். "நம்ம சமுதாயத்துப் பையன்" என்று சொன்னால் யாரும் மனித குலத்தை நினைப்பதில்லை. கல்யாண மண்டபத்துப் பலகையில், கோயில் கொடை நோட்டீசில், இரங்கல் சுவரொட்டியில் எல்லாம் அந்தச் சொல் அந்தப் பொருளில்தான் நிற்கிறது. அந்தக் காதோடு வகுப்புக்குள் வருகிற பிள்ளைக்கு "சமூகம் என்பது பொதுவான பண்பாடும் நிறுவனங்களும் கொண்ட மக்கள் கூட்டம்" என்று எழுதிக் கொடுத்தால் அவள் மனசில் என்ன விரியும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள், காரணம் சாதி. அதற்கப்புறம்தான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு போட்டது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் 2024இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. இதே மாவட்டத்துப் பிள்ளைக்குச் சமூகம் என்ற சொல்லை நடத்தும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட முடியாது. ஒரு வகுப்பு முழுக்க அதற்கே போனாலும் சரி. புத்தகத்துச் சமூகத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், தெருவில் கேட்கிற சமூகத்தில் ஒரு வேலி இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லிவிட்டு அப்புறம் வரையறைக்குப் போகலாம்.

அடுத்தது வளர்ச்சி. என்னை ரொம்ப நாளாகவே உறுத்துகிற சொல் இது. ஆங்கிலத்தில் குரோத் வேறு, டெவலப்மென்ட் வேறு. நாம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டோம். பொருளாதார வளர்ச்சி, மனித வளர்ச்சி, ஊரக வளர்ச்சி, வளர்ச்சியடைந்த நாடு, எங்கும் வளர்ச்சி. பிள்ளை வளர்ந்தாலும் வளர்ச்சி, தாமிரபரணியில் அமலைச்செடி வளர்ந்து தண்ணீரையே மூடினாலும் வளர்ச்சி. இரண்டையும் பிரிக்கச் சொல் இல்லாத பிள்ளை, ஜிடிபி என்கிற மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறினால் ஊர் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடும். டிவியில் பேசுகிறவர்களுக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது.

அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கக் குனிந்திருந்து ஆயிரம் பீடி சுற்றினால் அந்தக் கூலி நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும். அந்தப் பீடியைக் குடித்து ஒருவர் நெஞ்சு கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவும் சேரும். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டித் துணி மாற்றுகிறாளே, அது மட்டும் அந்தக் கணக்கில் வராது. இது ஏதோ நான் புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. அமெரிக்காவில் தேசிய வருமானக் கணக்கை முதன்முதலில் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அந்த அறிக்கையிலேயே எச்சரித்தார், இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலத்தை அளந்துவிட முடியாது என்று. யாரும் கேட்கவில்லை. 1990இல்தான் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென் துணையோடு, ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் பார்க்கிற மனித மேம்பாட்டுக் குறியீட்டை ஐநா வளர்ச்சித் திட்டத்தின் வழியாகக் கொண்டுவந்தார். 2025இல் வந்த அறிக்கையில் 193 நாடுகளில் இந்தியா 130ஆவது இடம். பொருளாதாரத்தின் அளவில் உலகின் முதல் ஐந்தாறு நாடுகளுக்குள் வந்துவிட்ட நாடு, மக்களின் படிப்பையும் ஆயுளையும் சேர்த்துப் பார்த்தால் 130. இந்த இடைவெளியைக் காட்டத்தான் இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். குரோத்துக்கு வளர்ச்சியை விட்டுவிடுங்கள். டெவலப்மென்டுக்கு மேம்பாடு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, அதைக் கறாராகப் புழங்குங்கள்.

இன்னொன்று, நீடித்த வளர்ச்சி, ஆங்கிலத்தில் சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட். நிலையான வளர்ச்சி என்றும் எழுதுகிறார்கள். நிற்காமல் நெடுநாள் வளர்ந்துகொண்டே இருப்பது என்றுதான் அந்தப் பிள்ளை புரிந்துவைத்திருந்தாள், அவள் மேல் தப்பில்லை, சொல் அப்படித்தான் ஒலிக்கிறது. 1987இல் ஐநாவின் பிரண்ட்லாண்ட் குழு சொன்னது வேறு. வரப்போகும் தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ள விட்டுவைத்து இன்றைக்கு நம் தேவையைத் தீர்ப்பது. வளங்குன்றா என்று சிலர் எழுதுவதில்தான் அந்தப் பொருள் இருக்கிறது. இதை நடத்த வெளிநாட்டு உதாரணம் எதற்கு? மேற்கே மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் ஒரு கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர். காட்டை அழித்துத் தேயிலை போட்டார்கள், தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் அங்கேயே பிறந்து அங்கேயே செத்தார்கள். 1999 ஜூலை 23 அன்று கூலிக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தபோது போலீஸ் தடியடியில் ஆற்றில் இறங்கி 17 பேர் செத்தார்கள். இப்போது குத்தகை 2028இல் முடிவதால், நிலம் காடாகத் திரும்பவேண்டும் என்பதால், 2024இல் அவர்களை இறங்கச் சொல்லியாயிற்று. காடு திரும்புவது சரிதான், புலிக்கும் ஆற்றுக்கும் அந்த மலை வேண்டும். ஆனால் வரும் தலைமுறை என்று வரையறையில் சொல்கிறோமே, மாஞ்சோலைப் பிள்ளைகள் அதில் உண்டா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மணி அடித்தாலும் பேச்சு நிற்காது.

மூன்றாம் உலகம் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தரம் என்று நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். 1952இல் அல்ஃபிரட் சோவி என்ற பிரெஞ்சுக்காரர் அந்தச் சொல்லைப் போட்டதே பிரெஞ்சுப் புரட்சியில் எழுந்த மூன்றாம் வகுப்பை, அதாவது குருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களை, நினைத்துத்தான். மதிக்கப்படாமல் கிடந்த அந்த வகுப்பைப் போல இந்த உலகமும் ஒரு நாள் எழும் என்ற பொருளில்.

அப்புறம் பங்குதாரர். இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒரு திட்டத்தால் வாழ்வோ தாழ்வோ அடையப்போகிற எல்லாரையும் ஸ்டேக்ஹோல்டர் என்கிறார்கள். அரசு அறிக்கைகளில் அதைப் பங்குதாரர் என்று பெயர்க்கிறார்கள். கம்பெனியில் பணம் போட்டவரும் பங்குதாரர், கம்பெனியின் கழிவுநீர் வரும் வாய்க்காலில் குளிக்கிறவரும் பங்குதாரர் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன நியாயம்?

கூடங்குளத்தைப் பாருங்கள். உலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு சண்டை, அதை இங்கே இழுக்கவில்லை. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். 1991இல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. அதன் இடத்துக்கு வந்த ரஷ்யாவுடன் 1998இல் துணை ஒப்பந்தம் போட்டு, கடைசியில் 2013 அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது. நாடு, அரசு, அரசாங்கம் மூன்றும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படி நடத்த முடியும்? இந்தப் பக்கம் எத்தனை பிரதமர்கள் மாறினார்கள், அந்தப் பக்கம் கொடியே மாறியது, ஆனாலும் ஒரு அரசு இன்னொரு அரசுக்குக் கொடுத்த வாக்கு நின்றது. அதுதான் இறையாண்மை உள்ள அரசு. இறை என்றால் நம் பழைய தமிழில் அரசனும்தான், அவன் வாங்கிய வரியும்தான், கோயில் கல்வெட்டில் இறையிலி என்று வருவது வரியில்லா நிலம். வரி போடவும் ஒப்பந்தம் போடவும் யாருக்கு உரிமை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்த மேசையில், உலைக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரைக்கு நாற்காலி இல்லை. 2011இல் அந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும் உலையை எதிர்த்து லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கடற்கரை நாட்டின் பேச்சில் வந்தது. அந்தப் பெண்களைப் பங்குதாரர் என்று எழுத எனக்குக் கை வராது. பாதிப்புக்கு உரியவர்கள் என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை, உண்மையாவது மிஞ்சும்.

இதையெல்லாம் அன்றைக்குத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. இலையை நறுக்கி, தூளை நிரப்பி, சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி, அது பாட்டுக்கு விரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இலை வருவது மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து, பொறுக்குகிறவர்களில் பலர் பழங்குடிப் பெண்கள். இரண்டு ஏழைப் பெண்களுக்கு நடுவில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர், இத்தனை கைமாற்று, அதில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்த்தால் அதுதான் மதிப்புச் சங்கிலி என்று அக்கா மகளிடம் சொன்னேன். அவள் நோட்டில் அது பதினேழாவது சொல்லாக இருந்தது. அம்மா மடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

கடைசிச் சொல் உலகளாவிய ஆளுகை, அதாவது நாடுகள் கூடி எல்லாருக்குமாக விதி வகுப்பது. அதற்கு நான் எடுத்தது புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. உலக சுகாதார நிறுவனத்தில் 2003இல் ஏற்றுக்கொண்டார்கள், 2004 பிப்ரவரியில் இந்தியா உறுதி செய்தது, 2005இல் நடைமுறைக்கு வந்தது. புகைப்பது குறையவேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை, எங்கள் தாத்தா இருமி இருமித்தான் போனார். ஆனால் ஜெனீவாவில் எழுதிய ஒரு வரி முக்கூடல் திண்ணைவரை வருகிறது என்பதை அந்தப் பிள்ளை பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அக்கா தலை நிமிர்ந்தாள். "பீடி குறையணும்னு எழுதுனாவள்ளா, எங்களுக்கு வேற என்ன வேலைன்னு எழுதலியா?"

எழுதியிருக்கிறது. 17ஆவது பிரிவு. போனில் எடுத்துத் தமிழில் சொன்னேன். புகையிலைத் தொழிலாளர்களுக்கும் பயிரிடுவோருக்கும் கட்டுப்படியாகும் மாற்றுத் தொழில்களை, நாடுகள் ஒன்றோடொன்று ஒத்துழைத்து, பொருத்தமானபடி ஊக்குவிக்க வேண்டும்.

"பொருத்தமானபடின்னா?"

சூழ்நிலைக்கு ஏற்றபடி என்றேன். அக்கா கையிலிருந்த கட்டைச் சுளகில் வைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரி, அந்தப் பொருத்தத்த யாரு பாக்கது?"

அக்கா மகள் நோட்டில் 'பொருத்தமானபடி' என்ற சொல்லை எழுதி, எதிரே இடம் விட்டுவைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு என்ன எழுதுவது என்று நான் சொல்லவேண்டும்.