சொல்லிவிட்டு வருவது பரிசோதனையா?

அதிகாரிகள் ஒரு முதியோர் இல்லத்தைப் பரிசோதிக்கப் போனபோது எடுத்த அந்தப் படத்தை இன்னும் எத்தனை பேர்தான் பகிரப் போகிறீர்கள்? பொன்னாடை, மாலை, பின்னால் புது விரிப்புப் போட்ட கட்டில்கள், "சிறப்பாக இயங்கும் முதியோர் இல்லம், அதிகாரிகள் பாராட்டு." வருகிற நாளை முதலே சொல்லிவிட்டு வந்தால் எந்த இல்லம்தான் சிறப்பாக இயங்காது?

என் பெரியம்மா திருகோணமலையில் ஓர் இல்லத்தில்தான் கடைசிக் காலத்தில் இருந்தார். எது என்று கேட்க வேண்டாம். அதிகாரிகள் வருகிற அன்று காலையிலேயே எல்லோருக்கும் தலை வாரி, பவுடர் பூசி விடுவார்கள். மதியம் பாரை மீன் குழம்பு. வாகனம் கேட்டைத் தாண்டியதும் விரிப்புகள் திரும்ப அலுமாரிக்குள் போய்விடும். "பிள்ளை, அந்த ஆக்கள் திரும்ப எப்ப வருவாங்கள்? மீன் தின்ன ஆசையா கிடக்கு" என்று பெரியம்மா கேட்டார். அவருக்குப் பரிசோதனை என்றால் அதுதான்.

சொல்லாமல் வாருங்கள். பார்த்ததை வாசலில் ஒட்டுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் பராமரிப்புத் தரத்தைக் கண்காணிக்கும் சி.கியூ.சி. (Care Quality Commission) என்ற ஆணைக்குழு முதியோர் இல்லங்களுக்குப் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல்தான் போகிறது. மிகச் சிறப்பு, நன்று, திருத்தம் தேவை, போதாது என்ற நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுக்கும். 2015 முதல் அதை இல்லத்திலும் இணையத்தளத்திலும் காட்டியே ஆக வேண்டும். "அங்கேயும் குளறுபடிதானே" என்பீர்கள். உண்மைதான், பல இடங்களுக்குக் கொடுத்த தரம் பல வருடப் பழசு என்று அந்த ஆணைக்குழுவைப் பற்றி 2024இல் வந்த மீளாய்வே சொன்னது. சரி, அங்கே பழசாவது இருக்கிறது. நாங்கள் இல்லம் தேடி அலைந்தபோது வாசல்களில் கண்டது பதிவுச் சான்றிதழும் நன்கொடையாளர் பெயர்ப் பலகையும்தான். இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இல்லங்களைப் பதியச் சொல்கிறது, நல்லது. பதிந்த இல்லத்தில் இரவு கூப்பிட்டால் ஆள் வருமா என்று எந்தச் சான்றிதழில் பார்ப்பது?

"நல்ல மனதோடு நடத்துகிறவர்களை நோகடிக்காதே" என்று ஓர் அண்ணா உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். நல்ல மனதுள்ளவர்கள் இருக்கிறார்கள் அண்ணா. அவர்களுக்குச் சொல்லாமல் வந்தால் என்ன பயம்?

அப்புறம் அந்த வழக்கமான கேள்வி: "நீ வைத்துப் பார்த்திருக்கலாமே?" பெரியம்மாவின் பிள்ளைகள் கனடாவில். நான் வேலைக்குப் போகிறவள். இடுப்பெலும்பு முறிந்தவரைப் பகலில் யார் தூக்குவது? இதைக் கேட்ட ஆம்பிளைகளில் ஒருவராவது பெற்ற தாய்க்குப் பம்பர்ஸ் மாற்றியிருந்தால் கீழே வந்து சொல்லட்டும். அவருக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.