நீளவால் இலைக்கோழி: வால் குட்டையானது பெட்டை அல்ல

நண்பர் ஒருவர் பகிர்ந்த படத்தில் அல்லி இலைகளின்மேல் நிற்கும் நீளவால் இலைக்கோழி என்ற நீர்ப்பறவைகள் இரண்டில் நீண்ட வாலுடையது ஆண் என்றும், குட்டை வாலுடையது பெட்டை என்றும் அவர் எழுதியிருக்கிறார். இது தவறு. பலரும் பகிர்வதால் திருத்த விரும்புகிறேன்.

நீளவால் இலைக்கோழியில் அரிவாளாய் வளைந்த அந்தக் கரிய வால் இனப்பெருக்கக் காலத்தில் ஆண், பெண் இரண்டுக்குமே வளர்கிறது. அக்காலம் முடிந்து இறகுதிர்த்ததும் இரண்டுமே அதை இழந்து, மேலே பழுப்பும் கீழே வெண்மையுமாக, கழுத்தின் பக்கவாட்டில் இறங்கி மார்பில் கரும்பட்டையாகச் சேரும் ஒரு கோட்டுடன் காணப்படுகின்றன. இளம் பறவைகளுக்கும் நீண்ட வால் இருப்பதில்லை. ஆகவே படத்தில் உள்ள குட்டை வால் பறவை இளம்பறவையாகவோ, இறகு மாறிய முதிர்பறவையாகவோ இருக்கலாம்.

ஆணா பெண்ணா என்று அறிய உருவ அளவு ஓரளவு உதவும்: இணையாக நிற்கும்போது பெட்டையே பெரிது. அதைவிட உறுதியான சான்று நடத்தையில் இருக்கிறது. பெட்டை ஒரே பருவத்தில் பல ஆண்களுடன் இணைசேர்ந்து, ஒவ்வொரு ஆணின் கூட்டிலும் பொதுவாக 4 முட்டைகளை இட்டுவிட்டு நகர்ந்துவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆணே. எனவே மிதக்கும் இலைகளின்மேல் குஞ்சுகளுடன் நடக்கும் பறவையைத் "தாய்" என்று குறிப்பது, மிக அழகான ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது.

இது இதன் உறவினமான தாமரை இலைக்கோழியோ என்ற ஐயம் எழுந்தால், பறக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். விரியும் வெண்சிறகுகள் இது நீளவால் இலைக்கோழியே என்று ஐயத்தைத் தீர்த்துவிடும். படத்துக்காகக் கூட்டை நெருங்குவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள்.